சேவியர் மாமா எதையும் இரண்டு தடவை சொல்வார்

மே 19, செவ்வாய்

பெட்டி இன்று பேசிவிட்டது.

சாயங்கால வெயிலில், மாடி ஷெட்டில் உட்கார்ந்து கிடாரின் ஒயரை ஒரு பக்கமும் ஆம்ப்ளிஃபயரின் ஒயரை மறுபக்கமும் சொருகி, ஒரே ஒரு கம்பியைத் தட்டினேன். சத்தம் போனது. கொஞ்சம் யோசித்தது. திரும்பி வந்தது. அடுத்த முறை இன்னும் தள்ளி, கடலுக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டியதுபோல வந்தது. நான் பாட்டுக்கு அரை மணி நேரம் அந்த ஒரு கம்பியையே தட்டிக்கொண்டு இருந்துவிட்டேன்.

கிடாருக்குப் பக்கத்தில் தரையில் வைத்து, பாட்டுக்கு நடுவே காலால் மிதித்தால் எக்கோ வரவேண்டும், இன்னொரு தரம் மிதித்தால் நிற்கவேண்டும். அதுதான் இந்தப் பெட்டியின் வேலை. உள்ளே ஒரு சிப்பு, கொஞ்சம் கண்டன்சர், கொஞ்சம் ரெசிஸ்டர். வெளியே, எங்கள் கல்யாணத்துக்கு என் மனைவி மெல்டாவின் சேவியர் மாமா கொடுத்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ். மூடியில் 'அன்பளிப்பு: ச. சேவியர் ரொட்ரிகோ' என்று பேர் வெட்டியிருக்கிறது. அந்தப் பேருக்குக் கீழே நான் குமிழுக்கு ஓட்டை போட்டதைப் பார்த்த மெல்டா, அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் மாமா எதையும் இரண்டு தடவை சொல்கிற மனுஷன். "வா, வா. சாப்பிட்டியா, சாப்பிட்டியா." எக்கோ பெட்டிக்கு அவர் பேரைவிடப் பொருத்தமான பேர் எது? இனி இந்தப் பெட்டியும் மாமாதான்.

ஒரே ஒரு குறை. சத்தம் மந்தமாக இருக்கிறது, ஈரச் சாக்குக்குள் இருந்து வருகிற மாதிரி. எனக்குக் கண்ணாடியைத் தட்டினாற்போல் துலக்கமாக வேண்டும். ஜூன் 13, எங்கள் சின்னக் கோயிலான அந்தோனியார் குருசடியின் திருவிழாப் பூசையில், நற்கருணை முடிந்ததும் ஜெசிந்தா தனியாகப் பாடுகிறாள். என் மகளின் முதல் பாட்டு. பாடகர் குழுவை நடத்துகிற பெர்க்மான்ஸ் அண்ணன் கீபோர்டே போதும் என்கிறார். அதில் எக்கோ எல்லாம் உள்ளேயே இருக்கிறதாம். பெட்டியைச் சரியாகச் செய்துகொண்டு வந்தால் கிடார், இல்லாவிட்டால் கீபோர்டு என்று பேச்சு. கல்யாணத்துக்கு முன்னாலிருந்து அந்தக் குருசடியில் வாசிக்கிறேன். அவள் பாட்டுக்கு வேறொருத்தன் வாசிக்க, நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதா? என்னால் முடியாது.

மே 21, வியாழன்

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு லாஞ்சுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடக்கின்றன. எங்கள் ஐஸ் பிளான்டில் நாட்டுப்படகு வள்ளக்காரர்களுக்கு மட்டும் கொஞ்சம் ஐஸ் பிடிக்கிறோம். கம்ப்ரசர் ஆபரேட்டருக்கு வருஷத்தில் இந்த இரண்டு மாதம்தான் சாயங்காலம் என்று ஒன்று உண்டு.

இன்று மந்தத்துக்கு மருந்து கண்டுபிடித்தேன். சிப்புக்கு அடுத்து ஒரு சின்னக் கண்டன்சர் இருக்கிறது. கூர்மையான சத்தங்களைப் பிடித்து நிறுத்துவது அதன் வேலை. சிப்பு வேலை செய்யும்போது உண்டாகும் கீச்சுச் சத்தம் வெளியே போகாமல் அது பார்த்துக்கொள்ளும் என்று படத்தில் போட்டிருந்தது. அதோடு சேர்த்து என் துலக்கத்தையும் அல்லவா நிறுத்தி வைத்திருக்கிறது? கழற்றிவிட்டேன். கொஞ்சம் தெளிந்தது. கொஞ்சம்தான்.

ஜெசிந்தா மாடிக்கு வந்தவள் காதைப் பொத்திக்கொண்டாள். ஏதோ கொசு மாதிரி கத்துகிறதாம். கொசுவும் இல்லை, ஒன்றும் இல்லை என்றேன். நாள் முழுக்கக் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு திரிந்தால் கொசு என்ன, மாடே கத்தும்.

மே 24, ஞாயிறு

கிடாருக்குப் புதுக் கம்பி மாற்றினேன். புதுக் கம்பியில் ஒரு மினுக்கு இருக்குமே, அது இல்லை. கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிட்டான்.

மெல்டா குக்கரை வைத்துவிட்டு, மூன்று விசில் வந்ததும் அணைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்குப் போனாள். நான் ஹாலில் கிடாரோடு உட்கார்ந்து கவனமாகக் காத்திருந்தேன். விசில் வரவே இல்லை. வந்ததெல்லாம் தீய்ந்த வாசனை. கேஸ்கட் போயிருக்கவேண்டும். உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் புதிது வாங்கிப் போட்டேன். மெல்டா திட்டவில்லை. என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தீய்ந்த குக்கரைத் தேய்க்கப் போய்விட்டாள். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மே 25, திங்கள்

பிளான்டில் கம்ப்ரசரைப் பிரித்து சர்வீஸ் செய்து, இன்று ஓட்டிப் பார்த்தோம். பூப்போல ஓடியது. இத்தனை வருஷத்தில் அது இப்படி மெதுவாக ஓடி நான் கேட்டதில்லை. என்னோடு ஷிப்டு பார்க்கிற ஐகோர்ட் ராஜாதான் ஒத்துக்கொள்ளவில்லை. பெல்ட் கீச்சென்று கத்துகிறதாம், பல்லெல்லாம் கூசுகிறதாம். ஓடவிட்டுக் கையை வைத்துப் பார்த்தேன். அதிர்வு கொஞ்சம் கூடத்தான் இருந்தது. பெல்ட்டை இழுத்துக் கட்டினோம். இப்போது சரி என்றான். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் ஐஸ் ஹாலில் ஆளே இல்லை. பாதித் தொட்டி காலி. மேல் ஜன்னல் வெளிச்சத்தில் குளிர் புகை தரையோடு நகர்ந்துகொண்டிருந்தது. அங்கேயே நின்றேன். உலகமே பஞ்சில் சுற்றி வைத்த மாதிரி இதமாக இருந்தது.

மே 28, வியாழன்

முறையாகச் செய்வோம் என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஐ.டி.ஐ.யில் படிக்கும்போது சொல்லிக்கொடுத்த வழி. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு ஒயரை நீட்டி, அதன் நுனியால் சத்தம் போகிற பாதையை ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே போகவேண்டும். சத்தம் எதுவரை வருகிறதோ அதுவரை நல்லது. எங்கே நிற்கிறதோ, அங்கேதான் கோளாறு.

எல்லா இடத்திலும் சத்தம் வந்தது. எல்லா இடத்திலும் ஒரே மந்தம். எர்த்தை மாற்றிப் பற்றவைத்தேன். அடாப்டரைக் கழற்றி பேட்டரி போட்டேன். கடைசியில் இரண்டாவது கண்டன்சரையும் கழற்றி, துலக்கக் குமிழை முழுக்கத் திருகினேன். ஆகா. இப்போதுதான் கிடார் என் கிடாராக இருந்தது.

பெட்டியைப் போட்டதும் எதிர்வீட்டு நாய் மாடியைப் பார்த்து ஊளையிட்டது. அணைத்தால் நிறுத்தியது. போட்டால் மறுபடி ஊளை. பெர்க்மான்ஸ் அண்ணன் அதையும் குழுவில் சேர்த்துவிட்டார் போலிருக்கிறது.

மே 29, வெள்ளி

மேற்கிலிருந்து கச்சான் காற்று. மண்ணை வாரி இறைக்கிறது. பெட்டியைத் துணியில் சுற்றி வைத்தேன்.

மே 31, ஞாயிறு

நேற்று ஊரெல்லாம் தோரணம் கட்டியாயிற்று. இன்று சாயங்காலம் கொடியேற்றம். முடிந்ததும் குருசடிக்குப் பின்னால் ஒத்திகை.

எழுதவே பிடிக்கவில்லை. மாமாவை மிதித்தேன். இரண்டு வரி வாசிப்பதற்குள் பெண்கள் எல்லோரும் காதைப் பொத்தினார்கள். கீபோர்டு வாசிக்கிற ரெக்ஸன் பல்லைக் கடித்துக்கொண்டு என் ஆம்ப்ளிஃபயரையே பார்த்தான். ஜெசிந்தா பாட்டை நிறுத்தினாள். பெர்க்மான்ஸ் அண்ணன் என் தோளில் கையைப் போட்டு, வெளியே கூட்டிக்கொண்டு போய், புதன்கிழமை ஒத்திகைக்கு ரெக்ஸன் வாசிக்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார். அடுத்த புதன், அதாவது பத்தாம் தேதி, கடைசி ஒத்திகை. அன்றைக்குப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். மரியாதையாகச் சொன்னதுதான் உறைத்தது.

பன்னிரண்டு பேர் இருந்த இடத்தில் என் ஒருத்தன் காதுக்கு மட்டும் நன்றாக இருந்தது. அப்படியானால் மற்ற எல்லோருக்கும் காதில் கோளாறா? ஸ்பீக்கரை வைத்த திசை சரியில்லை என்று நினைக்கிறேன்.

ஜெசிந்தா வீடு வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் கையைப் பிடித்து நடந்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

ஜூன் 2, செவ்வாய்

குருசடியில் செவ்வாய் நவநாள் ஜெபம். நான் போகவில்லை. கடற்கரைப் பக்கம் நடந்தேன். லாஞ்சுகள் வரிசையாக, பெயின்ட் வாசனையோடு, தூங்குவதுபோல நின்றன. கடற்காகங்கள் தலைக்கு மேலே சுற்றின. வாயைத் திறக்கின்றன, மூடுகின்றன. சத்தமே இல்லை. இந்த வருஷம் பறவைகளும் தடைக்காலம் கடைப்பிடிக்கின்றன என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர், இந்தக் காக்காக்கள் போடுகிற இரைச்சலில் மனுஷன் இருக்கமுடியவில்லை என்றார். நான் ஆமாம் என்றேன்.

மத்தியானம் படுத்தபோது ஒரு கனவு. ஐஸ் பிளான்டில் நான் கேன்களில் தண்ணீருக்குப் பதிலாகச் சத்தத்தை ஊற்றிக்கொண்டிருக்கிறேன். காக்கா சத்தம், சைக்கிள் மணி, ஜெசிந்தா குழந்தையாக இருந்தபோது அவள் காலில் கிடந்த கொலுசு. எல்லாம் வெள்ளையாக உறைந்து பாளம் பாளமாக நிற்கிறது. லாஞ்சுக்காரர்கள் வந்து ஏற்றிக்கொண்டு ஆழ்கடலுக்குப் போகிறார்கள். அங்கே அது உருகும்போது யார் கேட்பார்கள் என்று நான் கரையில் நின்று கத்துகிறேன். என் சத்தமும் எனக்குக் கேட்கவில்லை.

எழுந்து முகம் கழுவினேன். பயமாக இருந்தது. எதற்கு என்று எழுதத் தெரியவில்லை.

ஜூன் 4, வியாழன்

ஜெசிந்தா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் மாடிக்கு வந்தாள். கையில் அவள் அம்மாவின் போன். அதில் சத்தத்தைக் கோடாக வரைந்து காட்டுகிற ஏதோ ஒன்றை இறக்கியிருந்தாள். தடித்த சத்தம் இடது ஓரம், கீச்சென்ற மெல்லிய சத்தம் வலது ஓரம். நான் கிடாரைத் தட்டினால் இடது பக்கம் மலைமாதிரி எழுந்து தணிந்தது. வேடிக்கையாக இருந்தது.

பிறகு மாமாவை மிதிக்கச் சொன்னாள். கம்பியைத் தொடாதீங்க என்றாள். மிதித்தேன்.

வலது பக்கம், கிட்டத்தட்டக் கடைசியில், ஒரே ஒரு கோடு. ஊசி மாதிரி நெட்டுக்கு நின்றது. அணைத்தேன், கோடு போயிற்று. போட்டேன், வந்தது. எதிர்வீட்டு நாய் ஊளையிட்டது. மறுபடி அணைத்தேன், மறுபடி போட்டேன். எத்தனை தடவை என்று தெரியாது. அந்தக் கோட்டையே பார்த்தேன். ஷெட்டில் காற்றுச் சத்தம்தான் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

"யப்பா, நெசமாவே ஒங்களுக்குக் கேக்கலையா?"

"கேக்கல," என்றேன்.

மெல்டா துணி காயப்போட வந்தவள், ஈரச் சேலையைக் கையில் பிடித்தபடி படியிலேயே நின்றிருந்தாள். ஜெசிந்தா கீழே ஓடியபிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கிக் குக்கர் நல்லாத்தான் விசில் அடிச்சிச்சி," என்றாள். "பக்கத்து வீட்டுல இருந்து எனக்கே கேட்டிச்சி."

பிறகு ஏன் என்னைக் கேஸ்கட் வாங்க விட்டாய் என்று கேட்டேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு நான் போன வேகத்தைப் பார்த்து, சொல்ல மனசு வரவில்லையாம்.

இன்று கம்பியிலிருந்து பெட்டி, பெட்டியிலிருந்து ஆம்ப்ளிஃபயர், ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர், ஸ்பீக்கரிலிருந்து போன் வரைக்கும் தொட்டுப் பார்த்தாயிற்று. எல்லா இடத்திலும் சத்தம் வருகிறது. அதற்கு அடுத்து ஒரே ஒரு இடம்தான் பாக்கி.

ஜூன் 5, வெள்ளி

வேலைக்குப் போனேன். வந்தேன்.

ஜூன் 7, ஞாயிறு

கழற்றிப் போட்ட இரண்டு கண்டன்சரும் தீப்பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. திரும்பப் பற்றவைத்தேன். பாவம், அவை பாட்டுக்கு ஒழுங்காகக் காவல் காத்துக்கொண்டிருந்தவை. நான்தான் பிடித்து வெளியே தள்ளினேன்.

ஜெசிந்தா மறைக்கல்வி வகுப்புக்குப் போயிருந்தாள். மெல்டாவை ஷெட்டுக்குக் கூப்பிட்டு, நான் வாசிக்கிறேன், நீ இந்தக் குமிழைத் திருகு என்றேன். தனக்கு என்ன தெரியும் என்றாள். அவள் கோயிலில்கூட வாயைத் திறந்து பாடமாட்டாள். ஆம்பிளைக் குரல் என்று சின்ன வயதில் யாரோ கேலி செய்தார்களாம். எனக்கு என்னவோ, எவ்வளவு பெரிய கூட்டத்திலும் அவள் குரல் மட்டும் தனியாகத் தெளிவாகக் கேட்கும். இந்த ஒரு வருஷமாக அது இன்னும் தெளிவாக இருக்கிறது. ஏன் என்று இப்போது தெரிகிறது.

அரிசி களைகிற கவனத்தோடு உட்கார்ந்தாள். நான் வாசித்தேன். திருகினாள். கண்ணை மூடினாள். கொஞ்சம் கூட்டினாள், முகம் சுளித்தாள், திருப்பிக் குறைத்தாள். ஒரு இடத்தில் அவள் நெற்றி தளர்ந்தது. விரலை எடுத்துவிட்டாள்.

எனக்கு அது ஈரச் சாக்கு. முதல் நாள் கேட்ட அதே ஈரச் சாக்கு.

"இதுவா?" என்றேன்.

"இதுதான், இதுதான்."

மாமாவின் மருமகள் அல்லவா! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது எனக்கு. ஜெசிந்தாவின் நகப்பாலிஷை எடுத்து வந்து, குமிழ் நின்ற இடத்தில் 'சேவியர்' என்ற பேருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள். இனிமேல் அந்தப் புள்ளிதான். என் காதுக்கு எப்படி இருந்தாலும் அந்தப் புள்ளிதான்.

ஜூன் 10, புதன்

கடைசி ஒத்திகை. புள்ளியில் வைத்து வாசித்தேன். யாரும் காதைப் பொத்தவில்லை. ரெக்ஸன் கீபோர்டைவிட்டு எழுந்து வந்து குனிந்து பெட்டியைப் பார்த்தான், மூடியில் இருந்த பேரை வாசித்துவிட்டு யார் கம்பெனி என்று கேட்டான். மாமா கம்பெனி என்றேன்.

ஆனால் முடிவில் தடுக்கியது. ஜெசிந்தா கடைசி வரியை உச்சியில் கொண்டுபோய் நிறுத்துவாள். அதே சுரத்தை நான் கிடாரில் தட்டவேண்டும். எக்கோ திரும்பத் திரும்ப வந்து, தேய்ந்து, தானாக அடங்கவேண்டும். அடங்கியதும் நான் பெட்டியை அணைத்தால்தான் ஃபாதர் ஜெபத்தை ஆரம்பிக்க முடியும். நான் அடங்கிவிட்டது என்று நினைத்து மிதித்தேன். பாதியில் வெட்டியதுபோல் ஆயிற்றாம். அடுத்த தடவை காத்திருந்தேன், அது முடிந்து வெகுநேரம் ஆகியிருந்ததாம். பெர்க்மான்ஸ் அண்ணன் முகத்தில் மறுபடி அந்த மரியாதை வந்தது.

அவரை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டேன். கீச்சென்ற மெல்லிய சத்தம் எனக்குக் கேட்பதில்லை அண்ணே என்று. "பதிமூணாம் தேதி நீதாம்ப்பா வாசிக்கே," என்றார். "எப்ப முடியுதுன்னு மட்டும் யாரையாவது பாத்துக்கிடச் சொல்லு."

மெல்டாதான் வழி சொன்னாள். பெண்கள் பக்கம் முதல் வரிசையில் அவள் உட்கார்ந்துகொள்வாள். கடைசிச் சத்தம் அடங்கியதும் முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொள்வாள். பூசையில் பெண்கள் முக்காட்டைச் சரி செய்வதை யார் கவனிக்கப் போகிறார்கள்? திங்கட்கிழமைக்குக் காது டாக்டரிடம் டோக்கனும் போட்டுவிட்டாளாம். சரி என்றேன்.

ஜூன் 13, சனி

திருவிழா.

காற்று மதியத்தோடு நின்றுவிட்டது. சப்பரத்து விளக்குகள் போடுவதற்கு முன்னாலேயே தெரு நிறைந்துவிட்டது. நற்கருணை முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா மைக்குக்கு முன்னால் வந்து நின்று, ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாமாவை மிதித்தேன்.

அவள் குரலில் கீழே இருக்கிற பாதி எனக்குக் கேட்டது. வார்த்தைகளின் ஓரமெல்லாம் கரைந்து, தண்ணீருக்குள் இருந்து பாடுகிற மாதிரி. மீதிப் பாதியை அவள் கழுத்திலும் தோளிலும் பார்த்து வாசித்தேன். எங்கே மூச்சு எடுப்பாள் என்று எனக்குத் தெரியும். தொட்டிலில் கிடந்தபோதிலிருந்து தெரியும். கை தடுமாறவில்லை.

கடைசி வரி. உச்சிக்குப் போனாள். அவள் வாய் மூடுவதற்கு முன்பே எனக்குப் பாட்டு முடிந்துவிட்டது. வாய் திறந்தே இருந்தது. பிறகு மூடினாள். நான் தட்டினேன்.

ஒன்று கேட்டது. இன்னொன்று கேட்டதா, விரல் நினைத்துக்கொண்டதா, தெரியாது. அப்புறம் ஒன்றும் இல்லை. மிதிக்கவேண்டும் போலக் கால் துடித்தது. மெல்டாவைப் பார்த்தேன். முக்காடு அசையவில்லை. அவள் கண்ணை மூடியிருந்தாள். அவள் பக்கத்தில் இருந்தவர்களும், ஆண்கள் பக்கமும், பீடத்தில் ஃபாதரும், யார் மடியிலோ கிடந்த குழந்தையும்கூட அசையாமல் எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் தட்டிய சத்தம் அங்கே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. எனக்குத்தான் அங்கே போகமுடியவில்லை. வாசலில் செருப்போடு நிற்கிற ஆள் மாதிரி நான் அதற்கு வெளியே நின்று காத்திருந்தேன்.

மெல்டா கையைத் தூக்கி முக்காட்டை இழுத்துவிட்டாள். மிதித்தேன். "மன்றாடுவோமாக," என்றார் ஃபாதர்.

கோயிலில் எல்லோருக்கும் போட்ட அசனச் சாப்பாடு முடிந்து வீட்டுக்கு நடந்தோம். ஜெசிந்தா சிநேகிதிகளோடு முன்னால் போய்விட்டாள். கிடார் என் தோளில், மாமா மெல்டாவின் கையில். எனக்கு நின்றுபோனதற்குப் பிறகு அது எப்படி இருந்தது என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை என்றாள். உப்புக் குடோன் சுவர்ப் பக்கம், தெருவில் யாரும் இல்லாத இடத்தில், அந்தச் சுரத்தை எடுத்து, கீழே இறக்கி, தன் தடித்த குரலில் பாடிக் காட்டினாள். போய், தேய்ந்து, அடங்குகிற வரைக்கும். கடைசி இழை வரைக்கும் எனக்குக் கேட்டது.

இன்னொரு தடவை என்றேன். இன்னொரு தடவையும் பாடினாள்.